ஒருவனுக்கு மட்டும் ஒரு பாலம்

ஃபோன் மூன்று தடவை அடித்து ஓய்ந்தது.

தவோங்கா கோண்ட்வே எடுக்கவில்லை.

நான்காவது தடவை எடுத்தாள்.

"வெள்ள வரைபட மையமா?" கரகரத்த ஆண் குரல்.

"ஆமா. சீக்கிரம் சொல்லுங்க. இங்க சர்வர் எல்லாம் மூச்சுத் திணறிக்கிட்டு இருக்கு."

"அங்க ஒரு ஆளோட மூச்சு நின்னே போச்சும்மா. நான் இன்ஸ்பெக்டர் சாகாலா. உங்க மையத்து ஜீப் நம்பேசி ஆத்துக்குள்ள தலைகீழாக் கிடக்குதாம். டிரைவர் சீட்டுல ஒரு பிணம்."

தவோங்காவின் கை, விசைப்பலகை மேல் அப்படியே நின்றது.

"யாரு...?"

"வைசன்னு அடையாள அட்டை சொல்லுது. கூட இன்னொருத்தர் போயிருக்கார். சர்வேயர். அவரை ஆறு இழுத்துட்டுப் போயிடுச்சு. பேரு ஃப்ராக்சன் சிர்வா. உனக்குத் தெரியுமா?"

தெரியுமாவா?

ஆறு வருடம் அவனோடு ஒரே கூரையின் கீழ் இருந்திருக்கிறாள். விவாகரத்துக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுப் பதினோரு மாதம் ஆகிறது.

"தெரியும்," என்றாள். 

"இன்னொண்ணும்மா. டிரைவர் கிளம்புறதுக்கு முன்னாடி பெட்ரோல் பங்க்ல சொல்லியிருக்கார். நம்பேசி பாலம் திறந்திருக்கு, வரைபடத்துல பச்சையாக் காட்டுதுன்னு."

"இல்ல... இருக்கவே முடியாது. பாலம் நேத்து மூணு மணிக்கே உடைஞ்சுது. மூணே காலுக்கு நானே சிவப்பாக்கினேன்."

"அதைத்தான் நேர்ல வந்து கேக்கலாம்னு இருக்கேன். எங்கேயும் போயிடாத."

எங்கே போவாள்?

புயல் கரையேறி மூன்று நாள். ஷிரே ஆற்றுப் பள்ளத்தாக்கு முழுக்கத் தண்ணீர். கூரை மேல் ஏறி நின்றவர்கள், அவர்களைத் தேடும் படகுக்காரர்கள், அரிசி மூட்டையும் மருந்தும் ஏற்றிய லாரிக்காரர்கள்... எல்லாரும் பார்ப்பது ஒரே வரைபடத்தை. தவோங்காவின் வரைபடத்தை. சிவப்பு என்றால் போகாதே. பச்சை என்றால் போ.

அந்த வரைபடம் இப்போது செத்துக்கொண்டிருந்தது.

"அக்கா, பத்தொன்பது சர்வரும் நெத்தி வரைக்கும் நிரம்பிடுச்சு." எதிர் மேஜையில் இருந்து உலேமு கத்தினான். அவளுக்கு அடுத்த பொறுப்பு அவனுடையது. இரண்டு நாளாகச் சட்டை மாற்றவில்லை. "ஒரு படம் திறக்கறதுக்கு நாற்பது செகண்ட் ஆகுது. படகுக்காரங்க ரேடியோவுல திட்டறாங்க."

"இருபதாவதை எடு."

"வேற எதுவோ எடுத்து வச்சிருக்கு. இருபதுக்கு மேல அனுமதி இல்ல. கூடுதல் கேட்டேன், இருபத்துநாலு மணி நேரத்துல பதில் சொல்றாங்களாம்."

"அதுக்குள்ள யாரு உயிரோட இருப்பாங்க?"

சர்வர்கள் இந்த ஊரிலேயே இல்லை. கேப் டவுனில், இரண்டாயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் ஏதோ ஒரு கட்டடத்தில், வாடகைக்குப் பிடித்த எந்திரங்கள். வேண்டும்போது தட்டி எழுப்பலாம். வேண்டாதபோது தூங்கப் போடலாம். க்ளவுட் என்று பெயர். இன்று காலை ஐந்து மணிக்கு, ஆளாளுக்குக் கை வைத்துக் குழப்பக்கூடாதென்று, மற்ற எல்லாருடைய கணினிச் சாவியையும் நிறுத்தி, தன் சாவியையும் புதிதாக மாற்றிவிட்டாள் தவோங்கா. இப்போது எந்திரங்களை எழுப்பவும் அணைக்கவும் அவள் ஒருத்தியால்தான் முடியும்.

 அழ நேரமில்லை.

*

இன்ஸ்பெக்டர் சாகாலா நனைந்த கோட்டோடு உள்ளே வந்தார். பருத்த மனிதர். ஒரு கையில் வயர்லெஸ். மறு கையில் காகிதத்தில் சுற்றிய மண்டாசி, எண்ணெயில் பொரித்த மாவுருண்டை.

அவருக்குப் பின்னால் மையத்தின் தலைவி டோரிகா லிகோங்வே. ஐம்பது வயது. கண்கள் சிவந்திருந்தன. நேராக வந்து தவோங்காவைக் கட்டிக்கொண்டாள்.

"கேள்விப்பட்டேன்மா. தைரியமா இரு."

"மேடம்... வைசன் போயிட்டாரு. நாலு பிள்ளைங்க."

"தெரியும். தெரியும்."

சாகாலா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அழுகை அப்புறம். பாலம் சிவப்புன்னு சொன்ன. காட்டு."

தவோங்கா காட்டினாள். நம்பேசி பாலம் சிவப்பாக எரிந்தது. சாகாலா தன் ஃபோனிலும் திறந்து பார்த்தார். நாற்பது செகண்ட் காத்திருந்தார். சிவப்பு.

"எல்லாருக்கும் சிவப்பு. செத்தவங்களுக்கு மட்டும் பச்சையா? எப்படிம்மா?"

"எனக்கும் புரியல சார்."

"புரிய வைக்கிறேன். அந்த சர்வேயர் உன் பழைய புருஷன்."

"ஆமா."

"கோர்ட்டுல அவன் மேல செருப்பை வீசினியாமே."

"ஒண்ணுதான் வீசினேன். படல."

சாகாலா சிரிக்கவில்லை. "வரைபடத்துல யாரு எதை மாத்தினாலும் பதிவாகுமாமே. நேத்து சாயங்காலத்துப் பதிவைக் காட்டு."

உலேமு தேடினான். தேடியவன் முகம் வெளுத்தது.

"அக்கா... நேத்து நாலு மணி ரெண்டு நிமிஷம். சாவி உங்களோடது. என்னன்னு சரியாத் தெரியல. வாசல் விதிகள்ல ஏதோ ஒண்ணு சேர்த்திருக்கீங்க."

"நான் சேர்க்கல."

"உங்க சாவி அக்கா."

"நான் சேர்க்கலைன்னு சொல்றேன்ல."

"அந்த சாவி வேற யார்கிட்ட இருக்கு?" என்றார் சாகாலா.

"யார்கிட்டயும் இல்ல. ஒரு நகல் மட்டும், அவசரத்துக்குன்னு, உறையில போட்டு சீல் வச்சு மேடத்தோட அலமாரியில இருக்கு."

டோரிகா தலையசைத்தாள். "வர்ற வழியில அதைத்தான் பார்த்துட்டு வந்தேன் சார். சீல் உடையல. ஆனா இவ அப்படிப்பட்ட பொண்ணு இல்ல. இந்த சர்வர் விவகாரமெல்லாம் எனக்குப் புரியாது. இவளைத்தான் நம்பி இருக்கேன். தயவுசெஞ்சு வேலை செய்ய விடுங்க. கூரை மேல ஜனங்க நிக்கிறாங்க."

சாகாலா மண்டாசியைக் கடித்தார். மென்றார்.

"ஒரு மணி நேரம். அப்புறம் என்கூட வரணும்."

*

தவோங்கா வாசல் விதிகளைத் திறந்தாள்.

வரைபடத்தைக் கேட்டு வருகிற எல்லாரும் முதலில் ஒரு வாசலுக்கு வருவார்கள். யாரை எந்த சர்வருக்கு அனுப்புவது என்று அந்த வாசல் முடிவு செய்யும்.

இரண்டே வரி.

எல்லாரும் பத்தொன்பது சர்வர்களுக்குப் போகட்டும்.

ஃப்ராக்சன் சிர்வா என்ற பெயரில் வருகிறவன் மட்டும் இருபதாவது சர்வருக்குப் போகட்டும்.



இருபதாவதைத் திறந்தாள். முழு வரைபடமும் இருந்தது. ஆறு, சாலை, ஊர், சந்தை எல்லாம் அச்சு அசல். ஒன்றே ஒன்றுதான் வித்தியாசம்.

நம்பேசி பாலம் பச்சை.

"சார்." திரையைக் காட்டினாள். "ஒருத்தனுக்கு மட்டும் ஒரு சர்வர். ஒருத்தனுக்கு மட்டும் ஒரு பாலம். நேத்து நாலு மணிக்கு யாரோ இதை உண்டாக்கியிருக்காங்க. இது விபத்து இல்ல."

சாகாலா எழுந்து வந்து திரையைப் பார்த்தார். "கொலைக் கத்தி இதுதானா?"

"இதுதான்."

"கத்தியில உன் கைரேகைதானேம்மா இருக்கு?"

"உள்ள தேடினா வேற ஏதாவது கிடைக்கும். எங்கிருந்து வந்தாங்க, எந்த கம்ப்யூட்டர்... நேரம் கொடுங்க."

உலேமு குறுக்கே பாய்ந்தான்.

"நேரம் எங்கக்கா இருக்கு? ஒரு சர்வரை ஒருத்தரும் பார்க்காத படத்துக்கு ஓட்டிக்கிட்டு இருக்கோம். அணைச்சு இங்க கொடுங்க. ஆயிரம் பேருக்குப் படம் திறக்கும்."

"அணைச்சா அதுக்குள்ள இருக்கறதெல்லாம் அழிஞ்சிடும்டா."

"மக்கினா பள்ளிக்கூடத்துக் கூரையில எண்பது பேர் நிக்கிறாங்க. போன படகு வழி தெரியாம ரெண்டு தடவை திரும்பி வந்திருக்கு. உங்களைக் காப்பாத்திக்கறதுக்கு எண்பது பேரா?"

அந்த வார்த்தை சுட்டது.

டோரிகா அவள் தோளில் கை வைத்தாள். மெதுவாக, இதமாகச் சொன்னாள்.

"உலேமு சொல்றதுல நியாயம் இருக்கும்மா. போனவங்க போயிட்டாங்க. இருக்கறவங்களைப் பாரு. அணைச்சிடு. கோர்ட்டுல உனக்காக நான் வந்து சாட்சி சொல்றேன்."

தவோங்கா சாகாலாவைப் பார்த்தாள்.

"என்னைப் பார்க்காத," என்றார் அவர். "அணைச்சா, சாட்சியத்தை அழிச்சேன்னு நானே எழுதுவேன். அணைக்கலைன்னா, எண்பது பேருக்கு நீதான் பதில் சொல்லணும்."

அணைக்கும் பொத்தான் மேல் அவள் விரல் போனது.

ஃப்ராக்சன் செத்துவிட்டான். அவனுக்கென்று ஓடும் எந்திரம் மட்டும் எதற்கு?

கண்ணை மூடப் போனவள், மூடவில்லை.

இருபதாவது சர்வரின் மூலையில் ஒரு சின்ன எண். இன்று எத்தனை படம் கொடுத்தது என்ற கணக்கு.

411.

பார்த்துக்கொண்டே இருந்தாள்.

412.

"உலேமு..."

"என்னக்கா?"

413.

"இதுகிட்ட யாரோ படம் கேக்கறாங்க. இப்ப. இந்த நிமிஷம்."



"அவன் ஒருத்தனுக்கு மட்டும்தானே இது?" சாகாலா மென்ற வாயை நிறுத்தினார். "அப்படின்னா..."

"உயிரோட இருக்கான்." தவோங்கா எழுந்துவிட்டாள். "சார், அவன் உயிரோட இருக்கான்."

*

கள வேலைக்குப் போகிறவர்களுக்கு மையம் ஒரு டேப்லெட் கொடுக்கும். தடித்த ரப்பர் உறை. தண்ணீரில் விழுந்தாலும் சாகாது. ஆனால் அதில் பேச முடியாது. எழுத முடியாது. வரைபடம் பார்க்கலாம், படம் எடுக்கலாம், அவ்வளவுதான்.

ஃப்ராக்சனின் கையில் அது மட்டும்தான் மிச்சம் இருக்க வேண்டும்.

"எங்க இருக்கான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"வரைபடம் ஒரே படம் இல்ல சார். ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன சதுரம். ஒருத்தன் எந்த இடத்தைப் பார்க்கறானோ அந்த சதுரத்தை மட்டும்தான் கேப்பான். எதைக் கேக்கறான்னு பார்த்தா..."

உலேமு ஏற்கெனவே தட்டிக்கொண்டிருந்தான். சுவரில் இருந்த பெரிய திரையில் பள்ளத்தாக்கு விரிந்தது. ஃப்ராக்சன் கேட்ட சதுரங்கள் ஒவ்வொன்றாக மஞ்சளாக ஒளிர்ந்தன. பாலத்திலிருந்து ஆறு கிலோமீட்டர் கீழே. திரும்பத் திரும்ப அதே நாலு சதுரம்.

"கரும்புத் தோட்டத்துக்குப் பின்னாடி. அங்க முழுக்கத் தண்ணிதான். ஏதோ மரத்து மேல இருக்கணும்."

சாகாலா வயர்லெஸ்ஸில் சிக்வாவா ஊரின் மீட்பு முகாமைக் கூப்பிட்டார். "சிக்வாவா, சிக்வாவா. ஒரு படகு வேணும்."

"ஒரே படகுதான் சார் சும்மா இருக்கு," வயர்லெஸ் இரைந்தது. "நீங்க சொல்ற இடம் பெரிசு. சும்மா ஒரு ஊகத்துக்கு அனுப்ப முடியாது. ஆள் இருக்கறது நிச்சயமா?"

எல்லாரும் தவோங்காவைப் பார்த்தார்கள்.

அவளுக்கு ஒன்று தோன்றியது. பைத்தியக்காரத்தனமான யோசனை.

அந்த சர்வர் அவன் ஒருவனுக்குத்தான் படம் காட்டுகிறது. அதில் அவள் எதை வரைந்தாலும் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

அவன் பார்க்கும் சதுரத்தை எடுத்தாள். ஆறு, சாலை எல்லாவற்றையும் அழித்தாள். வெள்ளையில் பெரிய கறுப்பு எழுத்தில் அடித்தாள்.

'ஃப்ராக்சன். நான் தவோங்கா. இதைப் படிச்சா வரைபடத்தை சிக்வாவா சந்தைக்கு நகர்த்து.'

அனுப்பினாள்.

மஞ்சள் சதுரங்கள் அசையவில்லை.

பத்து செகண்ட்... இருபது...

டோரிகாவின் கை அவள் தோளை விட்டு விலகியது.

நாற்பது செகண்ட்.

"அக்கா," என்றான் உலேமு மெல்ல. "தண்ணியில மிதக்குற டேப்லெட் தானாக்கூடக் கேட்டிருக்கலாம்..."

ஒரு புது சதுரம் ஒளிர்ந்தது. வடக்கே. அதற்கும் வடக்கே இன்னொன்று. ஆற்றின் ஓரமாகவே தட்டுத் தடுமாறி ஏறி, சிக்வாவா சந்தை மேல் வந்து நின்றது.

தவோங்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். முதல் தடவையாக.

"படகு அனுப்பு," என்று வயர்லெஸ்ஸில் உறுமினார் சாகாலா. "நிச்சயம். சத்தியம். என் பென்ஷன் மேல சத்தியம்."

'அங்கேயே இரு. படகு வருது,' என்று அடித்தாள் தவோங்கா.

*

ஆனால் எண்பது பேர் இன்னும் கூரை மேல்தான் இருந்தார்கள்.

"இருபதாவதை இனிமே அணைக்க முடியாது," என்றான் உலேமு. தலையைப் பிடித்துக்கொண்டான். "மத்த ஜனங்களுக்கு என்ன செய்யறது?"

தவோங்கா கண்ணைத் துடைத்தாள். மூளை இப்போதுதான் ஓட ஆரம்பித்திருந்தது.

"நாம இத்தனை நேரம் முட்டாள்தனமா ஓட்டிக்கிட்டிருந்தோம். சார் கையில இருக்கற மண்டாசியைப் பாரு."

சாகாலா திடுக்கிட்டு மண்டாசியைப் பின்னால் மறைத்தார்.

"ஒவ்வொரு ஆளும் வந்து கேட்டப்புறம் மாவு பிசைஞ்சு, உருட்டி, ஒண்ணு மட்டும் பொரிச்சுக் கொடுத்தா கடை நடக்குமா? நாம அதைத்தான் பண்றோம். வெள்ளம் மாறுதேன்னு, ஒருத்தர் கேக்கும்போதெல்லாம் ஆறு, ரோடு, வீடுன்னு முழுப் படத்தையும் புதுசா வரையறோம். ரோடும் வீடும் நிமிஷத்துக்கு நிமிஷமா மாறுது?"

உலேமுவின் கண்கள் விரிந்தன. "அடிப்படத்தை ஒரே தடவை வரைஞ்சு சும்மா ஃபைலா அடுக்கி வச்சுட்டு..."

"சிவப்பு, பச்சைக் கோட்டை மட்டும் மேல புதுசாப் போடு. மூணு மாவட்டம் போதும். எவனும் இன்னிக்கு ஏரிக்கரை ஓட்டலைத் தேடப் போறதில்ல."

"அரை மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் நாலஞ்சு சர்வரை அதுக்கே ஒதுக்கணும். படம் இன்னும் மெதுவாயிடும் அக்கா."

"ஒதுக்கு. படகுக்காரங்ககிட்ட அரை மணி நேரம் நான் ரேடியோவுல வழி சொல்றேன். திட்டட்டும், கேட்டுக்கறேன்."

திட்டினார்கள். அவள் அம்மாவையும் சேர்த்துத் திட்டினார்கள். தவோங்கா ஒரு காதில் திட்டு வாங்கிக்கொண்டு, ரேடியோவில் வழி சொல்லிக்கொண்டே ஃப்ராக்சனின் சதுரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவை அடங்கிக்கொண்டு வந்தன. நிமிஷத்துக்கு மூன்று கேட்டவன், இப்போது ஒன்று கேட்டான். பேட்டரி தீர்கிறதா? ஆள் தீர்கிறானா?

இருபத்தெட்டாவது நிமிடம் உலேமு குதித்தான்.

"அக்கா, முடிஞ்சுது. ஒரு செகண்ட்ல திறக்குது. பத்தொன்பது சர்வர் செஞ்ச வேலையை நாலு செய்யுது. மிச்சம் சும்மா நிக்குது!"

ரேடியோவில் படகுக்காரன் குரல். "மக்கினா பள்ளிக்கூடம் தெரியுது. இப்பதான் படம் ஒழுங்கா வருது. முன்னாடியே செய்யறதுக்கென்ன?"

 தவோங்கா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

"நல்லது," என்றார் சாகாலா. "ஒரு மணி நேரம் ஆச்சு. இப்ப என் வேலை. அந்த சர்வேயர்கிட்ட ஒரு கேள்வி கேக்க முடியுமா?"

"கேக்கலாம். ஆனா அவனால எழுத முடியாது. காட்டத்தான் முடியும்."

"காட்டட்டும். இடிஞ்ச பாலத்து வழியாப் போகச் சொன்னது யாரு? அந்த ஆளோட வீட்டைக் காட்டச் சொல்லு."

தவோங்கா அடித்தாள்.

இந்தத் தடவை பதில் உடனே வந்தது. சதுரங்கள் பள்ளத்தாக்கை விட்டு எழுந்தன. மலைப்பாதையில் ஏறின. மையம் இருக்கும் ப்ளாண்டயர் நகரத்துக்குள் நுழைந்தன. சுவர்த்திரையில் தெருக்கள் மஞ்சளாக ஒளிர்ந்துகொண்டே வந்தன.

நகரத்தைத் தாண்டி நிடிராண்டே என்ற நெரிசலான புறநகருக்குள் போயின.

உலேமு எச்சில் விழுங்கினான்.

"உன் வீடு எங்கப்பா?" என்றார் சாகாலா.

"நி... நிடிராண்டேதான் சார். ஆனா அங்க லட்சம் பேர் இருக்காங்க."

"வேர்க்குது உனக்கு."

"சார், நான் ரெண்டு நாளா இந்த அறையை விட்டே வெளிய போகல. சட்டையை மோந்து பாருங்க."

"அந்த சர்வரை அணைக்கணும்னு குதிச்சது நீதானே?"

"எண்பது பேருக்காக சார்!"

தவோங்கா அவனையே பார்த்தாள். உலேமுவா? இரண்டு வருடமாக அவள் எதிர் மேஜையில் உட்கார்ந்து, அவள் அழுத நாட்களில் டீ வாங்கிக் கொடுத்த உலேமுவா?

சட்டென்று சுவர்த்திரை அணைந்தது.

விளக்குகள் போயின. மின்விசிறி முனகி நின்றது.

"கரண்ட் போச்சா?"

"மூணு நாளா கரண்ட்டே கிடையாது சார். ஜெனரேட்டர்தான். டீசல் நிறைய இருந்துதே..." உலேமு ஜன்னலைப் பார்த்தான்.

 தவோங்காவின் மடிக்கணினி தன் பேட்டரியில் ஒளிர்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஃபோன் அதற்கு இணைப்புக் கொடுத்துக்கொண்டிருந்தது. அறைக்குள் இருட்டு இல்லை, மழைக்காலத்துப் பகல் வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் அவள் ஒரு நாற்காலியைப் பார்த்தாள்.

காலியாக இருந்தது.

மடிக்கணினியைக் குனிந்து பார்த்தாள். ஃப்ராக்சனின் விரல் நிடிராண்டேயில் வழி தவறித்தான் போயிருந்தது. சதுரங்கள் திரும்பின. மேற்கே வந்தன. நமிவாவா. மலைச்சரிவு. பெரிய வீடுகள். ஒரு தெரு. அந்தத் தெருவின் முனை வீடு. அதற்கு மேல் பெரிதாக்க முடியாத அளவுக்குப் பெரிதாக்கி, அங்கேயே நின்றது.

அந்த வீட்டில் அவள் கிறிஸ்துமஸுக்குச் சாப்பிட்டிருக்கிறாள்.

கதவு திறந்தது. நடைவழியிலிருந்து டோரிகா லிகோங்வே உள்ளே வந்தாள். ஈரக் கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஜெனரேட்டர் நின்னு போச்சு போல," என்றாள். "பாவம், சர்வர் எல்லாம் அணைஞ்சிருக்குமே. அந்த இருபதாவதும்..."

தவோங்கா மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பினாள்.

"நம்ம கரண்ட்டை நிறுத்தினா கேப் டவுன்ல சர்வர் நிக்காது மேடம். க்ளவுடுக்கு இங்க சுவிட்ச் கிடையாது."

டோரிகா திரையைப் பார்த்தாள். தன் வீட்டுக் கூரையைப் பார்த்தாள். 

"எனக்கா தெரியாது?" என்றாள் கடைசியில். குரலில் இருந்த இதம் உதிர்ந்திருந்தது. "பத்து வருஷத்துக்கு முன்னாடி முதல் சர்வரை நட்டவளே நான்தான். நீ காலேஜுல கூட சேர்ந்திருக்க மாட்ட. பயத்துல ஜெனரேட்டர்லதான் கை போச்சு. வேற எதை அணைக்கிறதுன்னு தெரியல."

"ஏன் மேடம்?"

"ஏனா? அந்தக் கரும்புத் தோட்டத்துக்கு என் வீட்டுக்காரர்தான் மேனேஜர். முந்தாநாள் மதகைத் திறந்திருந்தா கரும்பு முங்கியிருக்கும். திறக்கல. மூணு கிராமம் முங்கிச்சு. ஃப்ராக்சன் மூடின மதகைப் படம் எடுத்துட்டான். நேத்து என்கிட்டயே வந்து காட்டினான், நல்ல பிள்ளை மாதிரி. காலையில மாவட்ட ஆணையர்கிட்ட கொடுக்கப் போறேன்னான்."

"அதனால..."

"உறையைப் பிரிச்சேன். ஒட்டினேன். காலையில ஃபோன் பண்ணி, நம்பேசி வழியாப் போப்பா, திறந்திருக்குன்னு சொன்னேன். அஞ்சரைக்கு அணைச்சிடலாம்னு பார்த்தா, நீ எல்லார் சாவியையும் நிறுத்தி, உன் சாவியையும் மாத்தி வச்சிருந்த."

"வைசன் என்ன மேடம் பண்ணாரு?" என்றாள் தவோங்கா. "நாலு பிள்ளைங்க. அவர் என்ன படம் எடுத்தாரு?"

 டோரிகா முதல் தடவையாகத் தலை குனிந்தாள்.

சாகாலா கைவிலங்கை எடுத்தார். "வாங்க மேடம். எங்க ஜீப்புல மேப் எல்லாம் கிடையாது. ஸ்டேஷனுக்குப் பத்திரமாப் போயிடலாம்."

*

டேப்லெட் பதினொன்று பத்துக்கு நின்றது.

கடைசி சதுரம் ஒளிர்ந்து, அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. ஐந்து நிமிடம். பத்து நிமிடம். தவோங்கா அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். 502. அது 503 ஆகவில்லை. உலேமு கொண்டு வந்து வைத்த டீ ஆறி ஆடை படிந்தது.

"பேட்டரி தீர்ந்திருக்கும் அக்கா," என்றான்.

"ம்."

"நான் கத்தினதுக்கு..."

"நீ சரியாத்தான் கத்தின. சும்மா இரு."

பதினொன்று ஐம்பதுக்கு, சாகாலா விட்டுப் போயிருந்த வயர்லெஸ் இரைந்தது.

"ஆள் கிடைச்சாச்சு. ஆனைப்புளிய மரத்து மேல. குளிர்ல விறைச்சிருக்கார். பேசணுங்கறார்."

இரைச்சல். மோட்டார் சத்தம். பிறகு அந்தக் குரல்.

"தவோங்கா..."



"வைசன்தான் என்னைக் கண்ணாடி வழியா வெளிய தள்ளினாரு. அவரு கால் மாட்டிக்கிச்சு. நான் இழுத்தேன். இழுத்துக்கிட்டே இருந்தேன். முடியல..." அவன் அழுதான். பல் தந்தியடிக்க, குழந்தை மாதிரி அழுதான்.

அவளும் சேர்ந்து அழுதாள். வயர்லெஸ்ஸைக் கன்னத்தோடு அழுத்திக்கொண்டு.

"அவர் வீட்டுக்கு நாம சேர்ந்தே போய்ச் சொல்லலாம்," என்றாள். "ரெண்டு பேரும்."

"ம்... சேர்ந்தே போலாம்." மூக்கை உறிஞ்சினான். "மேடமா?"

"மேடம்தான். கூட்டிட்டுப் போயிட்டாங்க. படமெல்லாம் டேப்லெட்ல இருக்குல்ல?"

"பத்திரமா இருக்கு."

படகுக்காரர் பின்னால் ஏதோ கேட்டார். ஃப்ராக்சன் திரும்பி அவரிடம் பேசிவிட்டு வந்தான்.

"ஆஸ்பத்திரிக்கு எந்தப் பக்கமாத் திருப்பறதுன்னு கேக்கறாரு."

தவோங்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையைப் பார்த்தாள். "இரு, சொல்றேன். வரைபடத்துல பச்சையா ஒரு வழி இருக்கு..."

"வேணாம் தாயே," என்றான் ஃப்ராக்சன். "கரையில எவனாவது டீ குடிச்சிக்கிட்டு நின்னா, அவனைக் கேட்டுக்கறோம்."